மூன்று கால் கண்ணாடிக் குழாய்

கணவரின் பழைய பேன்ட்டைப் பைக்கு உள்துணியாக்கலாம் என்று வெட்டியபோதுதான் அந்தச் சாமான் தையல்காரியின் கையில் கிடைத்தது. விரல்நக நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய்; ஒரு முனையில் ஒரு கம்பிக்கால், மறுமுனையில் இரண்டு. எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. மனிதர் வீட்டை விட்டுப் போய் நாலு வருஷமாக ஒரு தகவலும் கிடையாது. இது எதன் பாகம் என்று தெரிந்தால், கடைசியாக யாரிடம் வேலை பார்த்தார் என்று நூல் பிடித்துப் போய்விடலாமே என்று நினைத்தாள். ஆசை யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது.

முதல் கடைக்காரன் பல்பு என்றான். அடுத்தவன் ஃபியூஸ் என்று அடித்துச் சொன்னான். அப்படியானால் இத்தனை கால் எதற்கு என்று கேட்டதும் சாப்பிடப் போய்விட்டான். கடைசியாகப் பார்த்த ரேடியோக்காரர் அதை வாங்கி மேசைமேல் வைத்தார். ஒரு காந்தத்தை அருகே கொண்டுபோனார். குழாய்க்குள் மயிரிழைத் தகடு ஒன்று டிக்கென்று பக்கம் மாறியது.

"சுவிட்சும்மா. கதவுல காந்தம் இருக்கும், நிலையில இது இருக்கும். கதவத் தொறந்தா மணி அடிக்கும். வீட்ல அந்த மாதிரி எதாவது..."

இருந்தது. மாமியார் நினைவு தப்பி வெளியே நடந்துவிடுகிறார் என்று கணவரே பொருத்திய மணி. மாமியார் காலமான பிறகும் அதை யாரும் கழற்றவில்லை. கணவர் போன விடியற்காலையில் அது அடிக்கவில்லை. பாழாய்ப்போன பேட்டரி என்று எல்லோரிடமும் சொல்லிவந்தாள். இதுவரை ஐந்து முறை மாற்றியும் பார்த்துவிட்டாள்; மணி அடித்தபாடில்லை. அவர் கைபட்டதைத் திறந்து பார்க்க மட்டும் யாரையும் விடவில்லை.

"அண்ணே, இது தானா கழண்டு விழுமா?"

"விழாது. ஈயத்துல பத்தவெச்சத சூடு காட்டி, கண்ணாடி ஒடையாம நிதானமா எடுத்திருக்காங்க. நல்ல கை."

வீட்டை விட்டுப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கணவர் நாற்காலி போட்டு ஏறி, நிலைமேல் ஏதோ செய்துகொண்டிருந்தார். விழுந்துவிடப் போகிறாரே என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றதே அவள்தான்.

கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. நாற்காலிமேல் நின்ற அந்த முதுகை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்போல இருந்தது.

"இதத் திரும்ப மாட்டித் தருவீங்களாண்ணே?"

"மாட்டலாம். எதுக்கும்மா, வீட்ல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லண்ணே. அவரு வர்றப்போ சத்தம் கேக்கணும்ல."

ரேடியோக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சின்னக் கத்தியை எடுத்து, கறுத்துப்போன கால்களை ஒவ்வொன்றாகச் சுரண்டத் தொடங்கினார். அவள் மேசை விளக்கை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிப் பிடித்தாள்.