நன்றாக ஓடுகிறது

"அக்கா, மிஷினுக்க மூலையில துரு தெரியுது. கொஞ்சம் தேங்காயெண்ணெய் போட்டுத் தொடைச்சா போயிரும்."

"தெரியட்டு."

"விருந்துக்காரி வாற நேரத்துல தெரியட்டுங்கியளே."

"தொடைச்சுத் தொடைச்சுத்தான் சிஜி, நாம இங்க வந்து நிக்கோம்."

சிஜி துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, எண்ணெய்க் குப்பியை மூடாமலேயே நின்றாள். ஜேனட்டக்காவுக்கு இன்று என்ன வந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

கேரள எல்லைக் கரையில், பொழியூர் மகளிர் உலர்மீன் குழுவின் கொட்டகையில், அலமாரி உயரத்துக்கு நின்றது அந்த இயந்திரம். மீனைக் கருவாடாக்கும் மின்சார உலர்த்தி. சுனாமிக்குப் பிறகு, இந்தக் கரைப் பெண்கள் மணலில் மீன் காயப்போட்டுக் கஷ்டப்பட வேண்டாம் என்று ஐரோப்பாவில் ஒரு நாட்டின் அரசாங்கம் கொடுத்தனுப்பியது. வந்த அன்றைக்குக் கோயில் பங்குச் சாமியாரான அச்சன் தீர்த்தம் தெளித்தார். குழுத் தலைவி ஜேனட் தன் கல்யாணப் புடவையை வெட்டி அதற்கு உறை தைத்துப் போட்டாள். எட்டாவது மாதம், உள்ளே சூடேற்றும் கம்பி உப்புக்காற்றில் அரித்துப் போனது. புதுக் கம்பி அந்த நாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்றார்கள். வரவில்லை. முன்பக்கத்துச் சிவப்பு விளக்கு மட்டும் கெடாமல் எரிந்தது.

ஆண்டுக்கு ஒருமுறை, கொடுத்த நாட்டிலிருந்து ஆட்கள் பார்க்க வருவார்கள். வீட்டுக்கு வந்தவர் கொண்டுவந்த பலகாரத்தைத் தின்றுவிட்டு இனிப்புப் போதாது என்று சொல்லுகிற வழக்கம் இந்தக் கரையில் இல்லை. ஆகவே முந்தின நாள் மணலில் காயவைத்த நெத்திலியைத் தட்டுகளில் பரப்பி இயந்திரத்துக்குள் வைத்து, சிவப்பு விளக்கைப் போட்டுவிடுவார்கள். வந்தவர்கள் படம் எடுப்பார்கள். பச்சை அட்டை போட்ட பார்வையாளர் நோட்டில், மலையாளத்தில், உருண்டையான கையெழுத்தில் ஜேனட் எழுதுவாள்: 'நன்றாக ஓடுகிறது. மிக்க நன்றி.' ஐந்து ஆண்டு எழுதினாள். ஐந்திலும் அவள் கையொப்பம் உண்டு. அதன்பின் அவர்கள் வருவது நின்றுபோனது.

அந்த ஐந்து வரிகளும் கடல் கடந்து போய், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, இப்போது திரும்பி வந்திருந்தன. நம் அரசாங்கம் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன நாட்டுக்கு உதவி கொடுக்கப் போகிறது. அதில் இருநூறு உலர்த்தி உண்டு. இதே மாதிரிதான், நம் நாட்டுத் தொழிற்சாலையில் செய்தது. அந்த நாட்டின் மீன்துறையிலிருந்து செலஸ்டினா என்றொரு அம்மையார், சம்மதக் கையெழுத்துப் போடும் முன்னால் எங்கேயாவது ஒன்று ஓடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாராம். பழைய கோப்புகளைப் புரட்டியவர்களுக்குப் பொழியூர் கிடைத்தது.

திருவனந்தபுரத்து அதிகாரி ஸ்ரீஜித் நேற்றே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"பத்தரைக்கு வருவோம் சேச்சி. அரை மணி நேரம். காட்டுங்க, சாயா குடுங்க, நோட்டுல ரெண்டு வரி எழுதுங்க. அவ்வளவுதான்."

"சாரே, அது ஓடாது."

ஸ்ரீஜித் இயந்திரத்தின் முன்பக்கத்தை எட்டிப் பார்த்தார். "விளக்கு எரியுதுல்லா?"

"விளக்கு எரியும்."

"அப்ப போதும். ஃபைலு டெல்லி வரை போயாச்சு. இந்த அம்மா ஒப்புக்கிட்டா உங்க குழுவ பயிற்சி மையமாக்குவாங்க. அங்கேருந்து பெண்ணுங்க வந்து படிப்பாங்க. கொட்டகைக்குப் புதுக் கூரையும் கிட்டும்."

ஜேனட் அண்ணாந்து பார்த்தாள். போன ஆடிக் காற்றில் ஓடு பறந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது.

வீட்டில் கணவர் நிக்கோலஸ் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அஞ்சு பொய்யையும் அச்சடிச்சாப்புல எழுதி வச்சியே. கொஞ்சம் கிறுக்கியிருந்தா ஒருத்தனும் வாசிச்சிருக்க மாட்டான்."

"சிரிக்காதுங்க. அங்க இருநூறு ஊருல இருநூறு ஜேனட்டு கல்யாணப் புடவைய வெட்டி உறை தைப்பாளுவ."

"அதுக்கு நீ என்ன செய்வே?"

"சொல்லப் போறேன்."

"கூரை?"

"தார்ப்பாய் உண்டுல்லா."

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில், அவள் இந்தக் குரலில் பேசினால் முடிவு எடுத்தாகிவிட்டது என்று நிக்கோலஸுக்குத் தெரியும்.

வண்டி வந்து நின்றபோது மணி பதினொன்று. செலஸ்டினா ஐம்பது வயதுக்காரர், நல்ல உயரம், கழுத்தில் மாதா பதக்கம். இங்குள்ளவர்கள் பேசுவதை ஸ்ரீஜித் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மையார் ஆங்கிலத்தில் சொல்வதை இங்குள்ளவர்களுக்குச் சொன்னார். ஜேனட் வாசலில் வரவேற்றுக்கொண்டிருந்த இடைவெளியில், சிஜியும் மற்ற பெண்களும் பழைய பழக்கத்தில் தட்டுகளை நிரப்பி உள்ளே தள்ளிவிட்டிருந்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது.

செலஸ்டினா நேராக ஒரு தட்டை இழுத்தார். ஒரு நெத்திலியை எடுத்து முறித்தார். சடக்கென்று முறிந்தது. மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். பிறகு தன் விரல்நுனியைப் பார்த்தார். இரண்டு மூன்று மணல் துகள்கள் ஒட்டியிருந்தன. இரும்புப் பெட்டிக்குள் காய்ந்த மீனில் கடற்கரை மணல். கட்டைவிரலால் அதை மெல்லத் தேய்த்து விட்டுவிட்டு, நிமிர்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

"நன்றாக இருக்கிறது," என்றார். "மிக்க நன்றி."

அந்தச் சிரிப்பு ஜேனட்டுக்குத் தெரியும். ஐந்து முறை அதை அவளே சிரித்திருக்கிறாள்.

"சாரே, கைய உள்ள வச்சுப் பாக்கச் சொல்லுங்க."

"சேச்சி, சாயா ஆறுது."

"ஆறட்டு. சொல்லுங்க."

ஸ்ரீஜித் சொல்லவில்லை. ஜேனட் அவரைத் தாண்டிப் போய், செலஸ்டினாவின் கையைப் பிடித்து, இயந்திரத்துக்குள், சூடு கிளம்ப வேண்டிய அடித்தகட்டில் வைத்து அழுத்தினாள். கொட்டகைத் தரையைப்போல் அது குளிர்ந்து கிடந்தது.

"கோல்டு," என்றாள் ஜேனட்.

சிஜி தோள் துணியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஜேனட் ஸ்ரீஜித்தைப் பார்த்து நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: எட்டு மாதம் ஓடியது, பதினெட்டு வருடமாய் விளக்கு மட்டும் எரிகிறது, நோட்டில் உள்ளது நான் எழுதிய பொய். "ஒண்ணும் விடாம சொல்லணும் சாரே. நீளமா சொன்னத நீங்க சுருக்கினா எனக்குத் தெரியும்."

ஸ்ரீஜித் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்று விடாமல் சொன்னார்.

செலஸ்டினா பெஞ்சில் உட்கார்ந்தார். "மணலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது," என்றார். "ஆனால் கூட்டி வந்திருக்கிறார்கள், சாயா போட்டு வைத்திருக்கிறார்கள். முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?"

"நாங்களும் அப்படி நெனச்சுத்தான் சொல்லல்ல," என்றாள் ஜேனட்.

அப்போது இருவரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு.

"உங்களுக்கு என்ன வேண்டும் என்று அன்றைக்கு யாராவது கேட்டார்களா?"

"கேக்கல்ல. கேட்டிருந்தா மேடை கேட்டிருப்போம். இடுப்பு உயரத்துல, வலை கட்டின மேடை. அடியிலயும் காத்து போவும், நாயும் ஏறாது. மழை வந்தா இழுத்து மூட ஒரு பிளாஸ்டிக் தாள். கழுவதுக்கு நல்ல தண்ணி, ஒரு குழாய். கேடானா நாங்களே கெட்டிக்கிடுவோம். எந்த நாட்டுலேருந்தும் கம்பி வரண்டாம்."

செலஸ்டினா ஸ்ரீஜித் பக்கம் திரும்பினார். "உலர்த்திக்குப் பதில் நாங்கள் இதைக் கேட்கலாமா?"

ஸ்ரீஜித் அவருக்கு ஏதோ சொல்லிவிட்டு ஜேனட்டிடமும் சொன்னார். "உதவியில பெரும்பங்குக்கு நம்ம நாட்டுச் சாமான்தான் வாங்கணும், அது நிபந்தனையாக்கும் சேச்சி. மேடைய அவங்க ஊருலேயே செய்தா நம்ம தொழிற்சாலைக்கு என்ன கிட்டும்?"

"அப்ப உதவி ஆருக்கு சாரே? அந்த நாட்டுக்காரன் எங்களுக்குத் தந்த பைசா அவனுக்க தொழிற்சாலைக்கே திரும்பிப் போச்சு. எங்களுக்குக் கிட்டினது இந்தப் பெட்டி. இப்ப நாம குடுக்குற எடத்துல நிக்கோம். நாமளும் அதையே செய்யணுமா?"

"எல்லா நாடும் அப்படித்தான் செய்யுது."

"செய்யட்டு. ஆனா சாட்சிக்கு எனக்க பேரு இருக்கு. அத நான் தர மாட்டேன்." கொஞ்சம் யோசித்து, குரலைத் தணித்துச் சொன்னாள்: "வலையும் தாளும் குழாயும் நம்ம நாட்டுல செய்யாததா? அத வாங்கி அனுப்புங்க. பின்னே கிழிஞ்சா அவங்க சந்தையிலயே மாத்திக்கிடலாம். நிபந்தனையும் நிக்கும், மீனும் காயும்."

"வாயால சொன்னா நிக்காது சேச்சி. ஃபைலு ஏறினது உங்க எழுத்துல."

"எறங்குறதும் எழுத்துலயே எறங்கட்டு. ஏட்டி சிஜி, அந்தப் பச்ச நோட்ட எடு."

"அக்கா, கூரை..."

"எடு மக்கா."

ஜேனட் பெஞ்சில் நோட்டை வைத்து, அதே உருண்டைக் கையெழுத்தில் எழுதினாள். 'இதற்கு முன் நான் எழுதிய ஐந்தும் பொய். இயந்திரம் எட்டு மாதம் ஓடியது. அதன்பின் விளக்கு மட்டும் எரிந்தது. தந்தவர்கள் மனம் நோகக் கூடாது என்று அப்படி எழுதினேன். அதை நம்பி வேறு யாருக்கும் இதைக் கொடுக்க வேண்டாம். என்ன வேண்டும் என்று முதலில் அந்தப் பெண்களிடம் கேளுங்கள்.' கையொப்பமிட்டுத் தேதி போட்டாள். செலஸ்டினா பொருள் கேட்டுத் தெரிந்துகொண்டு, பேனாவை வாங்கி அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார்: 'படித்தேன். எங்கள் பெண்களைக் கேட்காமல் கையெழுத்திட மாட்டேன்.'

ஸ்ரீஜித் நோட்டை எடுத்தார். இருமுறை வாசித்தார். பெண்கள் எல்லோரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒற்றைத் தாளைக் கிழிக்க எத்தனை நேரம் ஆகும்?

"இதுல பக்க எண்ணே இல்லியே," என்றார்.

"என்னத்துக்கு?"

"எண் இல்லாத தாளு மேல போற வழியில எங்கேயாவது உதிர்ந்து போகும். எண் இருந்தா, இது எங்கேன்னு எவனாவது கேட்பான்." நோட்டை அவளிடமே நீட்டினார். "மொதப் பக்கத்துலேருந்து போடுங்க சேச்சி. நான் சாயா குடிக்கிறேன்."

ஜேனட் முதல் பக்கத்தைத் திருப்பி ஒன்று என்று எழுதினாள். வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தாள். தான் பொய் எழுதிய பக்கங்கள் வந்தபோது அவற்றையும் தாண்டிப் போகவில்லை. கடைசியில், மை காயாத பக்கத்தில் பதினேழு என்று அழுத்தி எழுதி, பேனாவை மூடினாள்.

"சிஜி, தட்டெல்லாம் எடுத்து வெயில்ல வை. உள்ள கெடந்து நெத்திலி ஈரம் புடிக்கும்."

சிஜி எடுத்தாள். மறு முனையைப் பிடித்துக்கொண்டு செலஸ்டினாவும் வெளியே நடந்தார்.