டோரின் என்று எழுதிய சிலுவை

மாலைக் கதிரவன் ரெம்பாவ் மலைத்தொடரின் பின்னே இறங்கி, எண்ணெய் தரும் செம்பனைகளின் நெடிய மட்டைகளுக்கிடையே எஞ்சியிருக்கும் ஒளியையும் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்ளும் வேளையில், பெடாஸ் ஊர்ப் பள்ளிவாசலிலிருந்து எழும் அந்தித் தொழுகை அழைப்பு ஈரக்காற்றில் மிதந்து வந்து, வெள்ளைப்பாறைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளைத் தொட்டு, அப்பாலுள்ள இருண்ட மர வரிசைகளுக்குள் நுழைந்து காணாமற்போகும். வரிசைக்கு வரிசை ஒரே உயரம், ஒரே இடைவெளி, எத்திசை நோக்கினும் அதே காட்சி என்று பகலிலேயே வழி தடுமாறச் செய்யும் அவ்விடம் அந்தியில் என்ன செய்யும் என்பதை, நகரத்து விளக்கொளியில் அமர்ந்து இதனைப் படிக்கும் கற்றறிந்த அன்பரே, சற்றே எண்ணிப் பாரும். எலி பிடிக்கும் கூகைகள் தங்கவென்று தோட்டத்தார் கம்பங்களின்மேல் வைத்த பெட்டிகளில் அவை கண்விழிக்கும் நேரம் அது. தாய்மார் தம் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துவர்.

கதவைச் சாத்துவது கொசுவுக்கு அஞ்சியன்று. அந்தியில் மரங்களுக்கிடையிலிருந்து யாரேனும் பெயர் சொல்லி அழைத்தால் மறுமொழி சொல்லலாகாது என்பது, முனியாண்டியை வணங்குவோரும் சிலுவையை வணங்குவோரும் அத்தோட்டத்தில் ஒருசேரக் கைக்கொண்ட வழக்கம். உற்றார் அழைப்பதாயின் வாசலுக்கு வந்து முகங்காட்டி அழைப்பர்; முகங்காட்டாமல் அழைப்பதற்குக் குரல் கொடுத்தவர் அவ்வாண்டைத் தாண்டுவதில்லை என்று அவர்கள் உறுதியாக நம்பினர். உதட்டைச் சுழிக்க வேண்டா, ஐயா! பகலில் நாமெல்லோரும் பெரிய வீரர்கள்தாம். அந்தி கவிந்தபின் அம்மர வரிசைக்குள் தனியே நின்றுவிட்டு வந்து சொல்லும், அப்புறம் பேசிக்கொள்வோம்.

இன்று பல நாடுகளில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடத்திவரும் கத்தோலிக்கக் கன்னியர் சபையொன்றின் பேரன்னையாக விளங்கும் டோரின் பிறந்தது இத்தோட்டத்து லயத்தில்தான். தந்தை மைக்கல்ராஜ் செம்பனைக் குலை வெட்டுபவர்; மாலைகளில் தகரக் கூரை வேய்ந்த அந்தோனியார் கோயிலில் செபமாலைக்கு முன்னின்று குரல் கொடுப்பவர். தாய் பிலோமினா நாற்றுப் பண்ணையில் களை பறிப்பவள். அவள் பேறுகாலத்தில் பெருமழை கொட்டிச் செம்மண் சாலையை அறுத்துவிட்டமையால் வண்டி வர வழியின்றி, அடுத்த வீட்டுத் தாயம்மாவே மருத்துவச்சியாகி நின்று இரட்டைப் பெண்மகவுகளை எடுத்துக் கொடுத்தாள். மூத்தவள் கூரை அதிர அழுதாள். இளையவளோ நீலம் பாரித்து, மூச்சு வருவதும் தெரியாமல் போவதும் தெரியாமல் கிடந்தாள்.

மூத்தவளுக்கு எலெய்ன் என்றும் இளையவளுக்கு டோரின் என்றும் அங்கேயே பெயர் குறித்த மைக்கல்ராஜ், இறக்கும் நிலையிலுள்ள மகவுக்குக் குரு இல்லாவிடத்து யாரும் திருமுழுக்கு அளிக்கலாம் என்னும் திருச்சபை முறையை நினைந்து, சமையற்கட்டுக் குவளையில் நீர் மொண்டு, டோரினின் தலையில் மட்டும் ஊற்றி மந்திரம் சொன்னார். எலெய்ன்தான் கொழுகொழுவென்று இருக்கிறாளே, அவளுக்கு ஞாயிறன்று வரும் குரு ஊற்றட்டும் என்று விட்டுவிட்டார். ஆனால், பொழுது விடிந்தபோது கொழுகொழுவென்றிருந்த எலெய்ன் குளிர்ந்து கிடந்தாள். போய்விடுவாள் என்று எண்ணிய டோரின் தாயின் மார்பைத் தேடி வாயை அசைத்துக்கொண்டிருந்தாள்.

தாயம்மா மடிந்த மகவைத் துணியில் சுற்றினாள். சுற்றி முடித்துத் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"வந்தது சின்னவளத் தேடித்தான் பிலோமினா. இருட்டுல ஆள் மாறிப் போச்சு. வெறுங்கையோட போன கணக்குதான் அதுக்கு, திரும்பி வரும்லா. பேசாம செத்தவளுக்கு டோரின்னு பேர வச்சுப் பொதச்சிருங்க. இவள எலெய்ன்னு கூப்புடுங்க. தேடி வந்தது கெடச்சிருச்சுன்னு அது போயிரும்."

பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்று வாங்குவதும், குப்பை என்று பெயரிட்டுக் கூற்றுவனை ஏய்ப்பதும் நம்மவர் தோட்டவேலைக்கென்று கடல் கடந்தபோது மூட்டை முடிச்சுகளோடு கொண்டுவந்த வழக்கங்கள்தாமே! மைக்கல்ராஜ் கரிய சாயம் தொட்டு மரச்சிலுவையில் டோரின் என்று எழுதினார். ஞாயிறன்று வந்த குருவிடம், வீட்டில் நீர் பெற்ற டோரின் இறந்துவிட்டாள், எலெய்ன் பிழைத்திருக்கிறாள் என்று பொய் சொன்னார். அதை நம்பிய குரு, முன்பே நீர்பட்ட அதே தலையில் மீண்டும் நீர் ஊற்றி எலெய்ன் என்று பெயரிட்டார். இவ்வாறு உயிரோடிருந்தவள் இருமுறை முழுக்குப் பெற்றாள்; மண்ணுள் கிடந்தவள் ஒரு சொட்டும் பெறாமல், தங்கையின் பெயரைத் தலைமாட்டில் சுமந்து கிடந்தாள். இதைச் செய்தவர்கள் கொடியவர்களா என்று கேட்டால், இல்லை என்பேன். ஒன்றைப் பறிகொடுத்தவர்கள் மற்றதைக் காக்கப் பட்ட பாடு அது.

எலெய்ன் என்று அழைக்கப்பட்ட அச்சிறுமி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய ஆண்டில், கல்லறைத் திருநாளுக்காகப் புல் செதுக்கச் சென்ற தாயோடு தானும் சென்று, சிலுவையிலிருந்த பெயரைத் தானே படித்துவிட்ட மகிழ்ச்சியில் கைதட்டினாள். பிலோமினா அவள் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு விரைந்து நடந்தாள். அன்று அந்தியில், சாத்திய கதவின் இடுக்கில் கண்ணை வைத்து நின்ற மகள் திரும்பி வந்து தாயின் முந்தானையைப் பிடித்தாள்.

"அம்மா, மரத்துக்கு நடுவுல ஒரு பிள்ள எலெய்ன் எலெய்ன்னு சொல்லுது."

பிலோமினா மகளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "பதில் சொன்னியாடி? வாயத் தொறந்து சொல்லு, பதில் சொன்னியா?"

"இல்லம்மா. அது என்னையக் கூப்புடல. கூப்புட்டா சத்தமாத்தானே கூப்புடுவாங்க? நான் புதுப் பாடம் படிக்கறப்ப முணுமுணுன்னு சொல்லிப் பாப்பேன்ல, அந்த மாதிரி அது தன்னோட பேரச் சொல்லிச் சொல்லிப் பாக்குது."

அன்றிரவு பிலோமினா உண்ணவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அக்குரலும் வளர்ந்தது என்று டோரினே பிற்காலத்தில் கூறியிருக்கிறார்: ஏழு அகவையில் மழலை மாறாதிருந்தது, பத்தில் தெளிந்து, பன்னிரண்டில் தன் குரலேதானோ என்று ஐயுறும்படி ஆயிற்றாம். ஒருபோதும் அது அருகில் வந்ததில்லை. பழிச்சொல் சொன்னதும் இல்லை. பிறர் ஆடையை உடுத்தி வெளியே வரக் கூசும் ஒருத்தியைப்போல மரங்களுக்குள்ளேயே நின்றது.

தொடக்கப்பள்ளி முடிந்ததும் அவள் சிரம்பானில் கன்னியர் நடத்திய பள்ளியில் சேர்க்கப்பட்டு, அவர்களது விடுதியில் தங்கிப் பயின்றாள். அங்கே அந்திகள் ஊர்திகளின் இரைச்சலால் நிறைந்திருந்தன; குரல் கேட்கவில்லை. கணக்கிலும் மறைக்கல்வியிலும் அவளை மிஞ்ச ஆளில்லை. நோயுற்ற தோழிக்குத் தலைமாட்டில் அமர்ந்து கஞ்சி ஊட்டுவதிலும் அவளே முதல்வி. ஆயினும் ஒரு குறையைச் சொல்லி ஆசிரியையர் அவளைக் கடிந்துகொண்டே இருந்தனர். காலையில் பெயர் வாசிக்கும்போது எலெய்ன் என்றால் அவள் உடனே எழுவதில்லை. வேறொருத்தி எழுவதற்கு இடம் விடுவதுபோல் சற்றுத் தயங்கியே எழுவாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. தானும் துறவு பூண்டு இக்கன்னியரோடு வாழவேண்டும் என்ற வேட்கை அவ்விடுதியில்தான் அவளுள் வேர்விட்டது.

அவள் பதினைந்தாம் அகவையில் வெள்ளைப்பாறைத் தோட்டம் வீட்டுமனைகளுக்காக விலைபோயிற்று. குடிகள் வெளியேற வேண்டும். கல்லறைகளும் சிரம்பானுக்குப் பெயர்க்கப்பட வேண்டும். மக்கிய மரச்சிலுவைக்கு மாற்றாகக் கற்பலகை செய்யக் கொடுக்கும் பேச்சு வீட்டில் எழுந்தபோது, விடுமுறைக்கு வந்திருந்த மகள் தாயை நேராக நோக்கினாள்.

"கல்லுல யாரு பேரும்மா எழுதப் போறீங்க? உண்மையச் சொல்லுங்க. அங்க கெடக்கறது டோரின் இல்லதானே?"

பதினைந்து ஆண்டுகளாக மறைத்து வைத்திருந்ததைப் பிலோமினா அன்று கொட்டித் தீர்த்தாள். குவளை நீரையும், தாயம்மாவின் சொல்லையும், குருவிடம் சொன்ன பொய்யையும் ஒன்றுவிடாமல் சொல்லி அழுதாள். மகள் அழவில்லை. அக்காவின் பெயரை அக்காவுக்கே கொடுத்துவிட வேண்டும் என்றாள். மைக்கல்ராஜ் கொதித்தெழுந்தார்.

"உனக்கென்ன பைத்தியமாலா? பேர மாத்துனா அன்னைக்கு வந்தது மறுபடி வரும். ஒருத்திய மண்ணுல வச்சது போதும், உன்னையும் வைக்க என்னால முடியாது!"

"அப்பா, அவ இத்தன வருசமா தன் பேரச் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு நிக்கறா. அவ பேரப் போட்டுக்கிட்டு நான் மடத்துல சேர்ந்தா, தெனமும் கடவுள் முன்னால திருடியாத்தான் நிப்பேன். வர்றது வரட்டும்பா."

முதுமையால் கூனியிருந்த தாயம்மா வாசற்படியில் நின்று, "வேணாம் ஆயி, அது மறக்காது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பிலோமினாவோ மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லறைகளைப் பெயர்க்கும் நாளன்று பிற்பகல் மழை பிடித்துக்கொண்டமையால் வேலை தாழ்ந்து, எஞ்சிய சிறுகுழியைத் தோண்டும்போது அந்தி கவிந்துவிட்டது. மகவின் எலும்பென்று ஒன்றும் எஞ்சவில்லை. மற்ற மண்ணினும் சற்றே கருத்த ஒரு பிடி மண் இருந்தது, அதை வெள்ளைத் துணியில் அள்ளி வைத்தனர். பங்குக் குரு நீத்தார் சடங்குக்குரிய துகிலைத் தோளில் அணிந்து, செப நூலைத் திறந்து, இறந்த குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டார். மைக்கல்ராஜின் உதடுகள் டோரின் என்று சொல்லக் குவிந்தன. அதற்குள் மகள் முன்னே வந்தாள்.

"எலெய்ன், ஃபாதர். தண்ணி படாத பிள்ள. டோரின் நான்தான்."

குரு திகைத்துத் தந்தையை நோக்கினார்; தலைகுனிந்த அம்மனிதரைக் கண்டு அனைத்தையும் உணர்ந்துகொண்டு, கடிந்து ஒரு சொல்லும் சொல்லாமல், முழுக்குப் பெறாத மகவுக்குரிய மன்றாட்டைத் தேடி எடுத்து, எலெய்ன் என்னும் பெயரை உரக்கச் சொல்லி வேண்டினார். அப்பெயர் அங்கு ஒலித்ததும் மர வரிசைகளுக்குள்ளிருந்து ஒரு சிறுமூச்சு எழுந்தது; நெடுநாள் சுமந்ததை இறக்கி வைத்தவள் விடும் மூச்சு அது என்று அங்கிருந்தோர் பலரும் பின்னாளில் கூறினர். அக்குரலை அதன்பின் ஒருவரும் கேட்டதில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! சிள்வண்டுகள் திடீரென்று ஓய்ந்தன. பெட்டியில் அலறிக்கொண்டிருந்த கூகையும் அடங்கிற்று. மண்வெட்டிக்காரர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். அப்போது, ஆணென்றும் பெண்ணென்றும் பிரித்துணர இயலாத, வயதென்பதே இல்லாத ஒரு குரல், மிக அருகிலிருந்த வரிசையின் இருளிலிருந்து, உறவினரை அழைப்பதுபோல் இனிமையாக அழைத்தது: "டோரின்!"

பிறந்த நாளுக்குப்பின் ஒருவரும் அவளை அப்பெயரால் அழைத்ததில்லை. பள்ளியில் பெயர் வாசிக்கையில் தயங்கித் தயங்கி எழுந்த அதே பெண்ணுக்கு, இவ்வழைப்பைக் கேட்டதும் தயக்கமே தோன்றவில்லை. இதுதான் என் பெயர் என்று உடம்பு முழுதும் சிலிர்த்து, மறுமொழி சொல்ல வாய் திறந்தது. சொல் வெளிவருமுன் பிலோமினா பாய்ந்து வந்து, மண் அப்பிய தன் கையால் மகளின் வாயை இறுகப் பொத்தினாள். பொத்தியபடியே இருளை நோக்கித் தெளிந்த குரலில் சொன்னாள்.

"இந்தா இருக்கேன். வர்றேன்."

சிள்வண்டுகள் மீண்டும் ஒலிக்கத் தொடங்கின. குரு நூலை மூடினார். வீடு திரும்பும் வழியெல்லாம் பிலோமினா, நாளைக்குச் சுமையேற்ற வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதுபற்றியே கணவரோடு பேசிக்கொண்டு வந்தாள்.

அவ்வாண்டின் கல்லறைத் திருநாளை அவள் காணவில்லை. சிரம்பான் மருத்துவமனையில் அவள் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார்கள். அதை மறுத்துரைக்க எனக்குக் கல்வி போதாது. கடைசி நாள்களில் ஒரு மாலை, படுக்கையருகே அமர்ந்து தாயின் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த மகள், அடக்கமாட்டாமல் கேட்டாள்.

"ஏம்மா பதில் சொன்னீங்க? அது என்னையத்தானே கூப்புட்டுச்சு?"

பிலோமினா சிரித்தாள். "அதுக்கு மொகந் தெரியாதுடி. பேரச் சொல்லும், யாரு வந்தாலும் கூட்டிட்டுப் போயிரும். உனக்குப் பரீச்ச இருக்கு, போயி படி."

டோரின் தேர்வு எழுதினாள். பின்னர்த் துறவு மடம் புகுந்து, வாக்குறுதி அளிக்கும் நாள் நெருங்கியபோது, பழம்பெயரைக் களைந்து தூயவர் ஒருவரின் பெயரைச் சூடிக்கொள்ளுமாறு சபை மரபுப்படி அவளைக் கேட்டனர். எல்லாரும் எளிதாகக் கழற்றி வைக்கும் அதனை அவள் ஒருத்தி மட்டும் கழற்ற மறுத்தாள். வீம்பென்று எண்ணி முதிய கன்னியர் முகஞ்சுளிக்க, "இந்தப் பெயரில் என் அம்மா போயிருக்கிறார், இதை விட்டுவிட்டு நான் எங்கே வருவேன்?" என்று சொல்லி அவர்கள் முன் முதன்முறையாக விம்மி அழுதாள். அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை.

உலகம் இன்று பேரன்னை டோரின் என்று அவரை வணங்குகிறது. அன்பரே, நம் பெயரை நாம் எத்தனை எளிதாகச் சொல்லிக்கொள்கிறோம்! யாரோ ஒருத்தி தன் மூச்சைக் கொடுத்துக் காத்துத் தந்தது என்பதை அறியாமலே பலர் அதைச் சுமந்து திரிகிறோம். அவர் அறிவார், அறிந்ததனால்தான் அவரது குரலில் இத்தனை மென்மை. செம்பனைகள் வீழ்ந்துவிட்ட வெள்ளைப்பாறையில் இப்போது வரிசை வரிசையாக வீடுகள் நிற்கின்றன, அந்தியானதும் அவ்வீடுகளின் தாய்மார் தம் பிள்ளைகளைப் பெயர்சொல்லி அழைக்கிறார்கள், பிள்ளைகளும் ஓடி வருகிறார்கள்.