கூண்டைத் திறந்த பிறகு

1

இந்தக் கதை எனக்கு ஒரு மௌனத்திலிருந்து கிடைத்தது. என் அண்ணியும் அவள் தம்பியும் ஒரே அறையில் இருந்தால் தொலைக்காட்சி மட்டும்தான் பேசும். முன்பு அப்படி இல்லை. என்ன ஆயிற்று என்று அண்ணியிடம் கேட்டேன்; பிறகு தம்பியையும் தனியாகப் பிடித்துக் கேட்டேன். இருவரும் சொன்னது ஒரே நாளைப் பற்றித்தான். எப்படி முடிந்தது என்பதில்தான் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

அண்ணிக்குக் கடல்நீரைச் சோதிக்கும் நிலையத்தில் வேலை. தம்பி அதே விரிகுடாவில் வலைக்கூண்டு போட்டு கொடுவா மீன் வளர்த்தவன்.

(கதைக்குள் அண்ணியை ‘அவள்’ என்றே எழுதப்போகிறேன். ‘அவர்’ என்று எழுதினால் படகில் கால் வைக்க மறுக்கிறாள்.)

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: அன்று கடல் மூச்சுத் திணறி...

வேண்டாம். கடலுக்கு ஒன்றும் ஆகவில்லை. திணறியது அதற்குள் இருந்தவை.

2

விடிந்தபோது நண்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. படகுத்துறையின் தூண்களில், கயிறுகளில், ஒன்றின் முதுகில் ஒன்றாக. சேற்றில் படுத்தே வாழும் தட்டை மீன்கள் கணுக்கால் அளவு தண்ணீருக்கு வந்து, வாயை வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தன. துரத்தினாலும் ஆழத்துக்குத் திரும்பவில்லை. ஜனங்கள் வாளியோடு வந்துவிட்டார்கள். கடல் கொட்டிக் கொடுக்கிறது என்று ஒரே சந்தோஷம்.

அண்ணி மட்டும் படகை நோக்கி ஓடினாள்.

ஏன் என்று இங்கே சொல்லியாக வேண்டும். வெயில் காலத்தில் மேல்நீர் சூடாகி லேசாகிவிடும். அடிநீர் குளிர்ந்து கனமாகக் கிடக்கும். இரண்டும் கலக்காது. மேலே மண்டிய பாசி செத்து அடிக்குப் போய் அழுகும். அந்த அழுகல் அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். புதிதாக வரவும் வழியில்லை. சிப்பி தன் ஓடுகளை மூடிக்கொண்டு பொறுத்துப் பார்க்கும். புழுக்கள் சேற்றைவிட்டு வெளியே நீளும். நீந்தத் தெரிந்தவை ஓடிவிடும். இந்த நேரத்தில் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று விடாமல் அடித்தால் மேல்நீரை வெளியே தள்ளிவிடும். அந்த இடத்துக்கு அடிநீர் ஏறி வரும். நண்டுக்கு அப்புறம் கரைதான் கதி.

கூண்டு மீனுக்கு அந்தக் கரையும் இல்லை.

(இந்தப் பத்தியைச் சுருக்கும்படி என் மனைவி சொன்னாள். சுருக்கியதுதான் இது.)

3

அண்ணி படகை எடுத்துக்கொண்டு போய், தண்ணீரில் ஆக்சிஜன் அளக்கும் மீட்டரை இறக்கிப் பார்த்தாள். அடியில் ஏறக்குறைய பூஜ்யம். நடு ஆழத்தில், மீன் தாங்காத அளவுக்குக் குறைந்துவிட்டிருந்தது. மேலே ஒரு ஆள் உயரத்துக்கு மட்டும் நல்ல தண்ணீர். நிலையத்துக்குப் போன் போட்டாள். இன்னொரு தடவை அளந்து உறுதி செய்யுங்கள், அதற்குள் யாரிடமும் எதுவும் சொல்லிவைக்க வேண்டாம் என்றார் மேலதிகாரி. போனைப் பைக்குள் போட்டுவிட்டு நேராகத் தம்பியின் கூண்டுக்கு விட்டாள்.

அவன் ஏற்கெனவே அங்கே இருந்தான். தண்ணீருக்குள் காற்றைச் செலுத்தும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் குமிழிகளைச் சுற்றி மீன்கள் முட்டி மோதி, நீர்மட்டத்தில் வாய் பிளந்து நின்றன.

“வலையை அறுத்து விட்டுருடா,” என்றாள்.

அவன் மோட்டாரின் விசையைக் கூட்டினான். பிறகு, சாயங்காலத்துக்குள் காற்று திரும்பிவிடும் என்றான். திரும்பாவிட்டால் என்று கேட்டாள். கூண்டோடு இழுத்துக்கொண்டு போகலாமே என்றான். இழுத்தால் நெரிசலிலேயே செத்துவிடும் என்பது அவனுக்கே தெரியும்.

“அக்கா, ரெண்டு வருஷமா புள்ள மாதிரி வளர்த்திருக்கேன்.”

“அதனாலதான் சொல்றேன்.”

4

முதல் வரைவில் தம்பியைப் பேராசைக்காரனாக எழுதியிருந்தேன். கதைக்கு அது வசதியாக இருந்தது. எழுதியதைப் படித்துப் பார்த்தால் அவன் எங்கேயும் இல்லை. யாரோ ஒரு வில்லன் தொப்பையைத் தடவிக்கொண்டு நின்றான். கிழித்துப் போட்டேன்.

அவன் பயந்திருந்தான், அவ்வளவுதான். அண்ணியும்தான். மீட்டர் பொய் சொல்லாது. ஆனால் இனி நடக்கப்போவதையும் சொல்லாது. தன் பேச்சைக் கேட்டு அவன் அறுத்துவிட்டு, மதியமே காற்று திரும்பிவிட்டால்? இது அவளுக்கும் தோன்றியது. தோன்றியும் மறுபடி மீட்டரை இறக்கினாள். நல்ல தண்ணீர் இப்போது இடுப்பளவுதான் இருந்தது.

எண்ணைச் சொல்லவில்லை. மீட்டரை அவன் பக்கம் திருப்பினாள்.

தம்பி கத்தியை எடுத்தான்.

5

கடல் பக்கத்து வலையை மேலிருந்து கீழ்வரை கிழித்தான். ஒரு மாட்டுவண்டியே நுழையலாம், அவ்வளவு பெரிய வழி.

மீன்கள் போகவில்லை.

பிறந்ததிலிருந்து வலைக்குள் சுற்றியவை. வழி திறந்தது அவற்றுக்குத் தெரியவில்லை. தெரிந்தும் மோட்டாரின் குமிழியை விட மனமில்லையோ என்னவோ. அதே வட்டத்தில் சுற்றின. சில பக்கவாட்டில் சாயத் தொடங்கின.

தம்பி தண்ணீரில் குதித்தான். அவன் அடியில் சிக்கி, அவனுக்கே மூச்சு

(இல்லை. இந்த இடத்தில் அவனை மூழ்கடிக்கச் சொல்லிக் கை பரபரக்கிறது. மீனுக்கும் மனிதனுக்கும் ஒரே கதி என்று காட்டிவிடலாம், படிப்பவர்களும் உச்சுக்கொட்டுவார்கள். ஆனால் அவன் நன்றாக நீந்துபவன். அன்று நன்றாகவே நீந்தினான்.)

அவன் கைகளால் தண்ணீரை அடித்து மீன்களை விரட்டினான். அண்ணி போய் மோட்டாரை நிறுத்தினாள். குமிழிகள் அடங்கின. அது சரியா என்று அவளுக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. ஒரு நொடி எல்லாம் அப்படியே நின்றது. பிறகு ஒரு மீன் திரும்பியது. அதன் பின்னால் ஒன்று. அதன் பின்னால் கூட்டமாக, வாய்க்கால் உடைத்துக்கொண்ட மாதிரி, அத்தனையும் வெளியேறின.

தம்பி கூண்டின் மிதவையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அண்ணி வேறு பக்கம் பார்த்தாள்.

6

மதியம் காற்று திரும்பியது.

பக்கத்துக் கூண்டுக்காரர் வலையைத் திறக்கவில்லை. அவர் மீனில் பாதி வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. பாதி பிழைத்தது. அந்தப் பாதியை வைத்து அவர் தொழிலை ஓட்டுகிறார். தம்பி இப்போது அவருக்குப் படகு ஓட்டுகிறான்.

தம்பியின் கூண்டிலிருந்து போனவை பிழைத்தனவா? செத்த மீனை எண்ணலாம். போன மீனை எப்படி எண்ணுவது? எல்லாம் பிழைத்தன என்கிறாள் அண்ணி. பாதி தூரம்கூடப் போயிருக்காது என்கிறான் தம்பி.

துறைமுகச் சுவரில் தூண்டில் போடுகிற ஒருவர், வலையில் உரசி மூக்கு தேய்ந்த கொடுவா ஒன்றைப் பிடிப்பதாக ஒரு முடிவு எழுதினேன். அதில் அண்ணி ஜெயித்தாள். மறுநாள் படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. அழித்தேன்.

நடந்தது இதுதான். போன வாரம் வீட்டுக்கு வந்த தம்பி, கிளம்பும்போது என்னிடம் சொன்னான்:

“அக்காகிட்ட ஒண்ணு கேளுங்க. அந்த மீன் அவளோடதா இருந்திருந்தா அறுத்திருப்பாளா?”

போய்க் கேட்டேன். அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி கூடத்துக்கு வந்தாள். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“நீங்க கொஞ்சம் வெளியில இருங்க,” என்றாள் என்னிடம்.

வந்துவிட்டேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே முதலில் அவள் குரல், பிறகு அவன் குரல், பிறகு மறுபடி அவள் குரல். வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. நான் நிற்கிற இடத்தில்தான் நீங்களும் நிற்கிறீர்கள். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் இப்போது தெரியும். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று நீங்கள் சொல்லுங்கள்.