அறுந்திருக்க வேண்டிய கம்பி

பாண்டியனுக்கு மூச்சு ஒரு குழாயின் வழியாக வந்துகொண்டிருந்தது. பீங்கான் தொழிற்பேட்டையின் அரவைக் கொட்டகையில் இளமை முழுவதும் அவன் சுவாசித்த வெண்தூள், நுரையீரலில் படிந்து இறுகிவிட்டதாக மருத்துவர் கூறியிருந்தார். கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். மின்சாரம் நின்றால் அது கூர்மையாகக் கீச்சிடும். அவ்வொலி கேட்டதும் அந்த வீட்டில் மற்ற வேலைகள் யாவும் நின்றுவிடும். மூலையில் வைத்திருக்கும் வாடகைச் சிலிண்டரை நோக்கி எல்லாரும் ஓடுவார்கள்.

எல்லாரும் என்றால் இருவர்தாம்: தம்பி மதிவாணனும் அவன் மனைவி சிவசங்கரியும்.

மதிவாணன் ஃபியூஸ் கட்டை வார்க்கும் பட்டறையில் அழுத்து இயந்திரம் இயக்குபவன். மாலையில் வீடு திரும்பியதும் அண்ணனின் அறையிலிருந்த கணினியின் முன் அமர்ந்து கார்ப் பந்தயம் ஓட்டுவான். தெருமுனை வரைகூட நடக்க இயலாத பாண்டியன், தலையணையில் சாய்ந்தபடி, திரையில் விரியும் மலைச்சாலைகளையும் கடற்கரைகளையும் பார்த்துக்கொண்டிருப்பான். வளைவுகளில் தம்பிக்கு முன்பாகவே அவன் உடல் சாயும். அவனுக்கு வேறு வெளியுலகம் கிடையாது.

அந்தக் கோடையில் இணையவழிப் போட்டி ஒன்றின் இறுதிச் சுற்றுக்கு மதிவாணன் தேர்வாகியிருந்தான். ஆனால் கார்கள் நெருக்கமாகக் கூடும் வளைவுகளில் அவனுடைய பழைய கணினி திணறியது. படம் ஒரு கணம் உறைந்து பின்னர் தாவியது. அந்த ஒரு கணத்தில் வண்டி சுவரில் மோதிவிடும்.

"மங்கலம்பேட்டை சாதிக் பையன் பொடனியில அடிச்ச மாதிரி தாண்டிப் போறான், நீ போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கிற" என்று பாண்டியன் இளித்தான்.

"அது நான் இல்லண்ணா, பிராசசரு. படம் காட்டுற கார்டு நல்லாத்தான் இருக்குது. கணக்குப் போடுற சில்லுதான் பழசு."

"அப்ப அத மாத்துடா."

பாலக்கரைக்கு அருகில் தனக்கோடி நடத்திய கணினிக் கடையில் பிராசசர் பெட்டிகள் இரண்டு மேசைமீது வைக்கப்பட்டன. மதிவாணன் கைப்பேசியில் அண்ணனை அழைத்து, பெட்டிகள் இரண்டையும் காணொளியில் காட்டினான்.

"கேமுக்குன்னா இந்த சின்னது போதும்ங்க" என்றான் தனக்கோடி. "சில்லுக்குள்ளயே மெமரி நெறைய இருக்குது. கரண்டும் கம்மி, சூடும் கம்மி. அந்தப் பெருசு ஸ்பீடுதான், இல்லங்கல. ஆனா முழுசா ஓடுச்சுன்னா அடுப்பு மாதிரிங்க. கரண்ட மடக்கு மடக்குன்னு குடிக்கும். பெரிய பவர் சப்ளை வேணும், பெரிய ஃபேனு வேணும்."

"சாதிக் எதுங்க வாங்கினான்?"

"பெருசுதாங்க."

கைப்பேசிக்குள்ளிருந்து பாண்டியன், மூச்சுக்கு நிறுத்தி நிறுத்தி, பேசினான்: "டேய் மதி. சூளையில எது நல்ல சூளை? சூடு ஏறுறதா, ஏறாததா?"

"ஏறுறதுண்ணா."

"சூடே ஆவாத சூளையில எதுடா வேகும்? பாதி வெந்த கட்டையத்தான் அள்ளணும். பெருச எடு."

தனக்கோடி சிரித்துவிட்டான். "அண்ணன் சொன்னா சரிங்க. நான் விக்கிறவன், எதுவானாலும் எனக்கு ஒண்ணுதான்."

வெப்பத்தையே வலிமையின் அளவாகக் கொண்டு பிழைத்த ஊர் அது. சூளை எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு உறுதி பீங்கானுக்கு என்பதை அங்கு ஒருவரும் ஐயுற்றதில்லை. அதே அளவுகோலை ஒரு சில்லுக்கும் வைக்கலாகாது என்று மதிவாணனுக்கும் தோன்றவில்லை. அவன் பெரியதை வாங்கி வந்தான்.

முதல் நாள் அறையே கொண்டாட்டமாக இருந்தது. வளைவில் படம் உறையவில்லை. மழைச்சாலையில் தெறித்த நீர்த்துளிகளைப் பாண்டியன் விரல் நீட்டி எண்ண முயன்றான். கணினிப் பெட்டியின் பின்புறத்திலிருந்து வெளிவந்த காற்று மட்டும் சூளைவாயைத் திறந்தாற்போல் இருந்தது. அந்தப் புழுக்கத்தில் பாண்டியனுக்கு வியர்த்தது. அவனுக்கென்று இன்னொரு மின்விசிறியையும் காற்றுக்குளிர்விப்பானையும் அதே சுவரின் இணைப்பில் செருகினார்கள். அந்தச் சுவருக்குள் ஓடிய ஒயர்கள் அவர்களுடைய தந்தை வீடு கட்டிய காலத்தவை.

மறுநாள் மாலை ஃபியூஸ் போயிற்று. திரை இருண்டது, அதே நொடியில் மெஷின் கீச்சிட்டது. சிவசங்கரி அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்து சிலிண்டரைத் திறந்து குழாயை மாட்டுவதற்குள் பாண்டியனின் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன.

அதற்கடுத்த நாளும் அவ்வாறே நிகழ்ந்தது. அன்று சிலிண்டரின் திருகு இறுகிப்போய்த் திறக்கச் சற்றுத் தாமதமாயிற்று. அந்தத் தாமதத்தில் பாண்டியனின் கண்கள் மேலே செருகியதைச் சிவசங்கரி பார்த்தாள்.

"ஏங்க, அந்தப் பொட்டியத் திருப்பிக் குடுத்துட்டு சின்னதையே வாங்கிட்டு வாங்க" என்றாள்.

"பொட்டி என்னம்மா பண்ணும்?" என்று பாண்டியன் குறுக்கிட்டான். பேச்சுத் திரும்பியவுடன் அவன் கேட்ட முதற்கேள்வி அது. "பீஸுக் கம்பி மெலிசு. அதான் போவுது. டேய் மதி, செப்புக் கம்பிய நாலு அஞ்சு இழை முறுக்கிப் போடு. அது அறாது. அறலன்னா மெஷினும் நிக்காது."

"கட்டை தாங்குமாண்ணா?"

"யாரு வார்த்த கட்டைடா அது? என் கையால வார்த்து, என் கண்ணு முன்னால வெந்தது. இந்த வூடே எரிஞ்சாலும் அது எரியாது."

அதில் பொய் ஒன்றும் இல்லை. வாசற்கதவின் பின்னே பலகையில் பொருத்தியிருந்த அந்த வெண்பீங்கான் கட்டை பாண்டியன் வேலை செய்த காலத்தில் வார்த்தது. அந்தத் தெருவில் பெரும்பாலான வீடுகளிலும் அவரவர் கைவார்ப்பே இருந்தது. ஃபியூஸ் போனால் கம்பியைத் தடிப்பாக்குவதும் அங்கு வழக்கமே. கட்டையைக் காப்பதற்காக அல்ல, சுவருக்குள் ஓடும் ஒயரைக் காப்பதற்காகவே கம்பி மெலிதாக வைக்கப்படுகிறது என்பதை, ஆயிரக்கணக்கில் கட்டை வார்த்த அந்தக் கைகள் நினைத்துப் பார்த்ததில்லை.

மதிவாணன் கம்பியை முறுக்கிப் போட்டான். பின்னர் ஃபியூஸ் போகவே இல்லை. மெஷின் ஒருமுறைகூடக் கீச்சிடவில்லை.

அந்த வாரமே பாண்டியன் சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னான்.

"மூலையில எவனோ நின்னுகிட்டு என்னையே பாக்குற மாதிரி இருக்குது. எடுத்துட்டுப் போயிடு. இப்பல்லாம் ஊருல கரண்டும் போறதில்ல, பீஸும் போவல, அப்புறம் எதுக்கு?"

"இருந்துட்டுப் போவட்டும் மாமா. அது பாட்டுக்கு நிக்குது" என்றாள் சிவசங்கரி.

"நீ வேணும்னா அடுப்படியில வெச்சிக்க. அதுகூடப் பேசிகிட்டே சமையல் பண்ணு."

மதிவாணன் சிரித்தான், மறுநாள் சிலிண்டர் போய்விட்டது. அது நின்ற இடத்தில், தரையில், ஒரு வட்டம் மட்டும் கறையாக மிஞ்சியது. சிவசங்கரி எத்தனை முறை துடைத்தும் அது போகவில்லை.

அதன்பின் வீட்டில் ஒரு நாற்றம் குடியேறியது. ரப்பர் கருகுவது போன்றது; சில வேளை மீன் வாடை போன்றது. பந்தயம் ஓடும்போது வரும், நின்றபின் மெல்ல அடங்கும். சுவிட்ச் பலகைக்கு மேலே சுண்ணாம்புப் பூச்சு தவிட்டு நிறமாக மாறி, கோடுபோல் மேற்கூரை நோக்கி ஏறியிருந்தது. ஒரு மாலை சிவசங்கரி அதன்மீது உள்ளங்கையை வைத்தாள். பிரித்து இரண்டு நாளாகியும் ஆறாத சூளையின் வெளிச்சுவர்போல் அது வெதுவெதுப்பாக இருந்தது.

"செவுரு சுடுது" என்றாள்.

"மே மாசத்துல எந்தச் செவுருதான் சுடல?"

"இது வெயில் படுற செவுரு இல்லங்க."

"ஞாயித்துக்கெழமை ரேஸு முடியட்டும் சங்கரி. அப்புறம் நீ சொல்றவன வரச்சொல்லு."

ஒயர்மேன் கருப்பனைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டு, அவள் அந்தச் சுவரோரம் இருந்த துணிகளையும் பாய்களையும் அகற்றி வேறிடத்தில் வைத்தாள். தன்னால் இயன்றது அவ்வளவே என்று நினைத்தாள். மெயின் சுவிட்சை எப்படி இறக்குவது என்பதையும் ஒருமுறை செய்து பார்த்துக்கொண்டாள்.

ஞாயிறு பிற்பகல். வெளியே அனல், ஊரில் பாதிக் கதவுகள் சாத்தியிருந்தன. மதிவாணன் காதுகளை மூடும் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு திரைக்குள் இறங்கியிருந்தான். குளிர்விப்பானும் விசிறிகளும் முழுவேகத்தில் சுழன்றன. சிவசங்கரி புழக்கடையில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"உள்ள புடி, உள்ள புடி!" என்று பாண்டியன் கத்துவது அவளுக்குக் கேட்டது. "சாதிக்கு வெளிய போறான்டா! இப்ப, இப்ப!"

அதன்பின் அந்தக் கீச்சொலி.

அவள் ஓடி வந்தபோது திரை இருண்டிருந்தது. சுவிட்ச் பலகையின் விளிம்புகளிலிருந்து மஞ்சள் கலந்த புகை, அவசரமின்றி, கசிந்து கட்டிலின்மேல் படர்ந்தது. பாண்டியன் இருமவில்லை, இருமுவதற்கும் காற்று வேண்டும். மதிவாணன் அறையில் இல்லை. ஒலிக்கருவி தரையில் கிடந்தது. கீச்சொலி கேட்டால் ஃபியூஸ் பலகைக்கு ஓடுவது என்று அவன் கால்கள் பழகியிருந்தன.

அவன் கதவின் பின்னே நின்று கட்டையைப் பிடுங்கினான். வெள்ளை வெளேரென்று இருந்தது. முறுக்கிய கம்பியில் ஓரிழைகூட அறவில்லை.

"கட்டை நல்லாத்தான் இருக்குது!" என்று கூவி, அதைத் திரும்பவும் பலகையில் அழுத்தினான்.

சுவருக்குள் ஏதோ சீறிற்று. தவிட்டு நிறக் கோடு நெடுகிலும் பூச்சு வெடித்து உதிர்ந்தது. அறை புகையால் நிறைந்தது.

"கட்டைய வெளிய எடுங்க! மெயின எறக்குங்க!" என்று அலறியவாறு வந்த சிவசங்கரி, அவனைத் தள்ளிவிட்டுத் தானே சுவிட்சை இறக்கினாள்.

இருவருமாகப் பாண்டியனைப் போர்வையோடு தூக்கி வாசலில் கிடத்தினார்கள். அண்டை வீட்டுக் கமலம் விசிறிமட்டையோடு ஓடி வந்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். சிவசங்கரி, வெறிபிடித்தவள்போல், உள்ளே ஓடி அந்த மூலைவரை போய்விட்டாள். தரையில் வட்டக் கறை மட்டும் இருந்தது. வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

பாண்டியன் தம்பியின் முகத்தையே பார்த்தான். உதடுகள் அசைந்தன. மதிவாணன் குனிந்தான்.

"எத்தினியாவது வந்த?"

"மொதல்லண்ணா" என்றான் மதிவாணன். பந்தயம் முடியவே இல்லை.

பாண்டியனின் உடல், இடப்புறம் ஒரு வளைவு வந்தாற்போல், சற்றே சாய்ந்தது. ஆம்புலன்ஸ் தெருவுக்குள் திரும்பியபோது அவன் முகத்தில் கமலம் விசிறிக்கொண்டிருந்த காற்று அவனுக்குத் தேவைப்படவில்லை.

சொன்ன சொல் மாறாமல் கருப்பன் திங்கட்கிழமை வந்தான். துக்க வீடென்பது தெருமுனையில்தான் அவனுக்குத் தெரிந்தது. திரும்பிப் போக மனமின்றி, சுவரை உடைத்துக் கருகிய ஒயர்களை உருவிப் போட்டான். கடைசியாக ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, துணியால் துடைத்து, மதிவாணனிடம் நீட்டினான்.

"கட்டைக்கு ஒண்ணுமே ஆவலைங்க" என்றான், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

மதிவாணன் அதை வாங்கி, முறுக்கிய கம்பியை இரு விரல்களால் பற்றி இழுத்தான். அது அறவில்லை. பின்னர் பல்லால் கடித்து இழுத்தான். உதட்டில் குருதி வந்தது. கம்பி அப்படியே இருந்தது.