சுரேகாவின் இடது கால்

1
பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையொன்றில் வாங்கிக் கட்டிக்கொண்டதில் பிறந்தது இந்தக் கதை. பூக்கடையில் மாலை கட்டும் திருநங்கை சுரேகா, என் பழைய கதையொன்றைப் படித்துவிட்டு வந்திருந்தாள்.

"ஏன்க்கா, எழுதற ஆளுங்க எல்லாம் கடைசியில எங்கள சாகடிச்சிடுறீங்க? என்னப் பத்தி எழுதினா கொல்லாதீங்க லா."

சரி என்றேன். சொல்வதற்கென்ன.

2
மழை இறங்கிய ஒரு மாலைப்பொழுதில், கிள்ளான் வீதிகளில், சுரேகாவின் இடது கால்—

(மழையாம்! அவளுக்குக் கால் வீங்கியிருக்கிறது, எனக்கு வானிலை அறிக்கை கேட்கிறது.)

மறுபடியும். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் வெறுங்காலோடு பால்குடம் எடுத்தாள் சுரேகா. அந்த வாரமே கால் வீங்கியது. நடந்த வலிதான் என்று தோழி ரமணி தைலம் தேய்த்துவிட்டாள். உடல் பெண்ணாக மாற விழுங்கும் ஹார்மோன் மாத்திரையை இருவருமே சந்தேகிக்கவில்லை. ரமணி விழுங்குவதைப் பார்த்து, சுரேகா இரண்டு மடங்காக விழுங்கிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் கேட்டால் உபதேசம் கிடைக்கும், மாத்திரை கிடைக்காது.

(அந்த மாத்திரையால் காலில் இரத்தம் உறையலாம். உறைந்தது நெஞ்சுக்கு ஏறினால் உயிர் போய்விடும். எனக்குத் தெரிகிறது. அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை.)

3
காலை ஊன்ற முடியாமல் போனதும் ஆஸ்பத்திரி. அடையாள அட்டையில் ஆண். ஆகவே ஆண்கள் வார்டு. (அட்டையிலுள்ள பெயரை எழுத மாட்டேன். பதிவு மேசையில் கூடமே கேட்கும்படி அதைக் கத்தியாயிற்று, போதும்.) பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்க்கப் பண்டமாரானிலிருந்து வந்த சொந்தக்காரர் கூட்டம் இவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

டாக்டர் குகன் வந்தார். இவரை நல்லவராக எழுதுவதா கெட்டவராக எழுதுவதா என்று மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் அவசரக்காரராக விட்டுவிட்டேன்.

"எப்படி வீங்குச்சு?"

"பத்துமலைக்கு நடந்தேன், டாக்டர்."

"வேற மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா, தம்பி?"

தம்பி! பக்கத்துக் கட்டிலில் பேச்சு நின்றது.

4
முதல் முடிவு: சொல்லிவிடுகிறாள். (அத்தனை கண்களுக்கு நடுவிலா? நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.)

இரண்டாவது: "இல்ல, டாக்டர்." வலி மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார். மூன்றாம் நாள் காலையில் ரமணி கதவைத் தட்ட—

மாட்டேன். எழுத மாட்டேன். ஆனால் அவளைப் பேச வைக்கவும் என்னால் முடியவில்லை.

ஆகவே, வாசகரே, ஆரஞ்சுப் பழப் பையோடு பக்கத்துக் கட்டிலருகே நின்று பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள்தான். டாக்டர் இன்னொரு தடவை கேட்கப் போகிறார்.

கொஞ்சம் வெளியே போய் நில்லுங்களேன்.