கெளம்…ட்டேன்

என் வேலை, ரேடியோ அலையை மேலே அனுப்பி அது திரும்பி வரும் நேரத்தைக் குறித்து வைப்பது. முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலம் அதைத் திருப்பி அனுப்பும். நிலையத்தில் நான் ஒருவன்தான். தலைமை அலுவலகத்தில் என்னை 'வானத்து வாட்ச்மேன்' என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் திரையில் விழும் கோடு தெளிவாக இல்லாத இடத்தில் குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தெரியவில்லையா, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடு. அவ்வளவுதான்.

மனைவி தூரத்துத் தீவு ஒன்றில் நர்ஸ். ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுப் போனவள். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அங்கே போன் எடுக்காது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியின் சிற்றலை ரேடியோவில் கால் மணி நேரம் பேசுவாள். அவள் குரலும் அதே அயனி மண்டலத்தில் பட்டுத்தான் எனக்கு வரும். இந்தப் புதன் கேட்டேவிட்டேன்.

"இந்த வாரக் கப்பல்ல கெளம்பறியா, இல்லையா? இன்னிக்கு ஒரு முடிவு சொல்லிடு."

"கெளம்…ட்டேன்."

அப்புறம் வெறும் இரைச்சல். திரையைப் பார்த்தேன். கோடு நெளிந்துகொண்டிருந்தது. எங்கோ அடித்த புயல் கிளப்பிவிட்ட காற்றலை அவ்வளவு உயரம் ஏறி மண்டலத்தையே ஆட்டிக்கொண்டிருந்தது. ஆட்டியது போதாதென்று நடு எழுத்தையும் விழுங்கிவிட்டது. கெளம்பிட்டேனா, கெளம்பமாட்டேனா?

பத்து நிமிஷத்தில் அலை கடந்துபோனது. குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல வந்தது.

"நான் சொன்னது கேட்டுச்சாங்க?"

இன்னொரு தடவை சொல்லு என்று கேட்க நேரம் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

"கேட்டுச்சு," என்றேன்.



"அப்ப சரி. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க."

நாலு நாளில் வரப்போகிறவள் இதைச் சொல்ல மாட்டாள். அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் நோட்டில் பத்து மணிக்கு எடுத்த அளவுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் அலமாரியில் அவள் துணி வைக்கும் தட்டைக் காலி செய்து வைத்தேன். தலையணைக்கு உறை மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தில் கப்பலிலிருந்து கடைசி ஆள் இறங்கி, ஏணியைத் தூக்கும்வரை நின்றேன். பிறகு நிலையத்துக்கு வந்து நோட்டைத் திறந்து, அந்தக் கேள்விக்குறியைக் கோடு போட்டு அடித்தேன்.