ஜலஜாவின் நான்கு ஓவர்கள்

நசுருதீன் பத்து வயதில் அப்பாவின் தோல் வியாபாரத்தோடு ஆம்பூரிலிருந்து இங்கிலாந்து போனவன். அங்கே ஒரு கவுண்டி அணிக்கு ஏழு சீசன் வேகப்பந்து வீசினான். இருநூற்றுப் பதினொரு விக்கெட். முதுகெலும்பில் இரண்டாவது முறை விரிசல் விட்டபோது வயது முப்பத்தொன்று. இனி ஓடிவந்து வீசக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். 2005இல் மனைவி மஹ்பூபாவுக்கு வேலை கிடைக்க, இருவரும் அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் பிளானோவுக்கு வந்தார்கள்.

அடுத்த வருடம் மஹ்பூபாவின் ஆபீஸ் பெண்கள் ஒரு கிரிக்கெட் அணி ஆரம்பித்து, அவனைக் கோச்சாகக் கேட்டார்கள்.

"வீச முடியாதவன் என்னத்தக் கத்துக்குடுக்கறது?" என்றான் மனைவியிடம்.

"நீங்க வீச வேணாம், பாத்துச் சொல்லுங்க போதும். நான் கீப்பிங் நிக்கிறேன்."

சனிக்கிழமை காலைகளில் பேஸ்பால் மைதானத்தில், பிட்சுக்குப் பதிலாகத் தரையில் பாய் விரித்துப் பயிற்சி தொடங்கியது. அதுவரை ஆண்களே ஆடிவந்த உள்ளூர் கிரிக்கெட் லீக்கின் செயலாளர் அனந்தராமன், "லேடீஸுக்குன்னு ஒரு எக்சிபிஷன் மேட்ச் வச்சுக்கலாமே" என்றார்.

"எக்சிபிஷன் வேணாம் சார். லீக்ல சேத்துக்கோங்க. தோத்தா தோத்துட்டுப் போறோம்" என்றான் நசுருதீன்.

தோற்றார்கள். முதல் ஆட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. ஜலஜா என்ற டெஸ்டிங் இன்ஜினியர் வீசிய ஒரே ஓவரில், முழங்கை மடங்குகிறது என்று அம்பயர் மூன்று நோ-பால் கொடுத்தார். திருச்சியில் காலேஜ் படித்தபோது அவள் த்ரோபால் ஆடியவள். அந்தப் பழக்கம் கையில் ஊறியிருந்தது. எல்லைக்கோட்டருகே சிலர் சிரித்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஜலஜா பந்தை அவனிடம் நீட்டினாள். "என்னை விட்டுடுங்க கோச். நான் ஃபீல்டிங் மட்டும் பண்றேன்."

அவன் பந்தை வாங்கவில்லை. "இருபத்தோரு வயசுல என் ரன்-அப்பையே மாத்தச் சொன்னாங்க. ஒரு சீசன் முழுக்க வெளில உக்காந்திருந்தேன். அவமானமாத்தான் இருந்துச்சு. உங்க மணிக்கட்டு மாதிரி இந்த லீக்ல யாருக்கும் இல்ல ஜலஜா. கை நேரானா போதும்."

கை மடங்காமலிருக்க ஒரு பழைய பத்திரிகையைச் சுருட்டி அவள் முழங்கையில் டேப் போட்டு ஒட்டினான். நின்ற இடத்திலிருந்து வீச வைத்தான், பிறகு இரண்டடி நடந்து, பிறகு ஓடி. குளிர்காலத்தில் ஆபீஸ் பார்க்கிங் லாட்டில் தொடர்ந்தது. கை நேரானதும், கவுண்டியில் தனக்குப் பெயர் வாங்கித்தந்த பந்தைக் கற்றுக்கொடுத்தான். கை வேகமாகவே வரும். பந்து மட்டும் தயங்கி, பாயில் பட்டு வெளியே திரும்பும்.

2007 ஜூனில் அனந்தராமனின் அணியோடு ஆட்டம். பெண்கள் எடுத்தது தொண்ணூற்று நான்கு ரன். போன வருடத்து அம்பயரே நின்றார். ஜலஜாவின் கையை ஒவ்வொரு பந்துக்கும் உற்றுப் பார்த்தார். நான்கு ஓவரிலும் ஒரு நோ-பால்கூடக் கொடுக்கவில்லை.

மூன்றாவது ஓவரில் அனந்தராமன் இறங்கி வந்து அடிக்கப் பார்த்தார். பந்து தயங்கி, மட்டையைத் தாண்டித் திரும்பி, மஹ்பூபாவின் கைக்கு வந்தது. ஸ்டம்பைத் தட்டினாள். அனந்தராமன் அவுட். அவர்கள் கல்யாணத்துக்கு முன்பே நசுருதீனின் ஆட்டம் முடிந்துவிட்டிருந்தது. கணவனின் பந்தை அவள் அன்றுதான் முதல்முதலாக ஆட்டத்தில் பிடித்தாள். கையுறைக்குள் உள்ளங்கை எரிந்தது. எல்லைக்கோட்டில் நின்றவனைத் தேடிப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஜலஜாவுக்கு மூன்று விக்கெட். ஆறு ரன்னில் ஜெயித்தார்கள்.

அனந்தராமன் நேராக அவனிடம் வந்தார். "நசுர், எங்க பசங்களுக்கும் வந்து சொல்லிக்குடுப்பீங்களா?"

"ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க சார். சனிக்கிழமை இவங்களுக்கு."

2009இல் லீக்கில் நான்கு பெண்கள் அணிகள் இருந்தன. லீக் அவனைத் தலைமைப் பயிற்சியாளராக வேலைக்கு எடுத்தது. வருடாந்திர விருந்தில் அனந்தராமன் மைக்கில் அவனது இருநூற்றுப் பதினொரு விக்கெட்டுகளைச் சொல்லி அறிமுகப்படுத்தினார். நசுருதீன் எழுந்து அதோடு ஜலஜாவின் நாற்பத்தெட்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.